விடுமுறையிலும் படப் பாடம்

"மே மாதத்திலும் பாடம் நடத்தினீரா?"

கையிலிருந்த ரிப்போர்ட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் ஸ்கூல் இன்ஸ்பெக்டர். ஹெட்மாஸ்டர் ராக்கப்பன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். ஒரு வாரம் விடாமல் மாஜிக் லாந்தரில் படப் பாடம் நடத்தியதாக எழுதியிருக்கிறீர். கோடையில் பள்ளிக்கூடம் பூட்டித்தானே கிடந்தது?"

"பிள்ளைக வீட்டுக்கே வந்து கூப்பிட்டுச்சுக ஐயா. விடமாட்டேன்னுருச்சுக."

"சரி. எடும் அந்த லாந்தரை."

ஜில்லா போர்டு அனுப்பி இரண்டு வருஷமாகிறது. தகர உடம்பு, பித்தளை மூக்கு, மூக்கு நுனியில் கண்ணாடி. உள்ளே விளக்கை ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வரைந்த படத்தைச் செருகினால், அது சுவரில் ஆள் உயரத்துக்குத் தெரியும் என்று கூட வந்த இங்கிலீஷ் தாளில் போட்டிருந்தது. ராக்கப்பன் அதை ஏற்றிப் பார்த்ததில்லை. அதற்காக மரியாதையில் குறை வைத்தார் என்று சொல்ல முடியாது. சரஸ்வதி பூஜைக்குப் பூஜை அதன் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, எதிரில் தேங்காய் உடைத்தார். பாடங்களை ரிஜிஸ்தரில் நடத்தினார்.

போன மாதம்தான், பொய் ரிப்போர்ட் எழுதிய ஒரு வாத்தியாருடைய சர்டிபிகேட்டை இதே இன்ஸ்பெக்டர் பறித்தார். அந்த மனிதர் இப்போது ஏலத்தோட்டத்தில் மூட்டை தூக்குவதாகக் கேள்வி.

உதவி வாத்தியார் ஜேசுராஜ் ஜன்னல்களில் ஏலக்காய்ச் சாக்கைக் கட்டி வகுப்பை இருட்டாக்கினார். லாந்தர் பெட்டியை மேஜையில் வைக்கும்போது ராக்கப்பனின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, வேணும்னா இன்னொரு தேங்காய் உடைச்சுப் பாப்பமா?"

"பேசாம இருப்பா. வருசநாட்டுக் காட்டுக்கு மாத்துனாகன்னாக்கூடப் போதும், கும்புட்டுட்டுப் போயிருவேன்."

"பிள்ளைகளை வெளியே அனுப்பும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இவரும் போகட்டும். என் சேவகனும் போகட்டும். கதவைத் தாழ் போடும்."

தூக்கில் போடுகிறவன்கூட இரண்டு சாட்சி வைத்துக்கொள்வானே என்று நினைத்தபடி ராக்கப்பன் தாழ் போட்டார்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார். "எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாகச் செய்யும். செய்வதை வாய்விட்டுச் சொல்லும்."

"மொதல்ல... சீமெண்ணெய் ஊத்தணும் ஐயா."

"எவ்வளவு?"

"போதுமான அளவு."

"போதுமான அளவு என்றால்?"

"அரை... அரைக்கால் படி."

எழுதிக்கொண்டார். ராக்கப்பன் தீக்குச்சி கிழித்தார். திரி குபீரென்று பிடித்து, கன்னங்கரேலென்று புகை கூரை வரை போயிற்று. கை தானாகத் திருகாணியைத் தேடியது. ஒரு பக்கம் திருகினார், புகை இரட்டித்தது. மறுபக்கம் திருகினார், அடங்கியது.

"எதற்காக இவ்வளவு புகை?"

"உள்ள இருக்கிற பூச்சி பொட்டு வெளிய ஓடணுமில்லைங்களா."

அதையும் எழுதினார். சுவரில் வெளிச்ச வட்டம் விழுந்தது. நடுவில் செக்கச்செவேலென்று ஒரு கறை.

"அது என்ன?"

கேட்ட பிறகுதான் குங்குமம் ராக்கப்பனின் நினைவுக்கு வந்தது. "கொசு குடிச்ச ரத்தம் ஐயா. இன்னைக்குப் பாடம் மலேரியாக் காய்ச்சல். ரத்தத்தை முன்னால காட்டிட்டாப் பிள்ளைகளுக்குப் பயம் வரும்." சொல்லிக்கொண்டே துண்டின் நுனியால் பித்தளை மூக்கைத் துடைத்தார்.

படத்தைச் செருகினார். சுவரில் ஆனை அளவு கொசு ஒன்று காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து கிடந்தது.

பேனா நின்றது. "ஏன் தலைகீழாக இருக்கிறது?"

"அது... செத்த கொசு ஐயா. கொயினா மாத்திரை தின்ன ஆளைக் கடிச்ச கொசு." சில்லை உருவித் தலைகீழாகத் திருப்பிச் செருகினார். கொசு எழுந்து நின்றது. "இது கொயினா தின்னாத ஆளைக் கடிச்சது."

"அதாவது, படத்தைத் தலைகீழாகப் போட்டால்தான் நேராகத் தெரியும்?"

"ஆமாங்கய்யா!" என்றார் ராக்கப்பன். அதை அந்த நிமிஷம்தான் அவரும் தெரிந்துகொண்டார்.

படம் மங்கலாக இருந்தது. பித்தளை மூக்கைப் பிடித்து இழுத்தார், இன்னும் மங்கியது. உள்ளே தள்ளினார், கொசுவின் மீசை மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இரண்டு வருஷமாக அலமாரியில் கிடந்த சாமானுக்குள் இவ்வளவு இருந்ததா என்று ஒரு கணம் பயத்தையே மறந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். எழுந்துபோய்த் தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து ராக்கப்பன் முன்னால் நின்றார். ஏலத்தோட்டத்து மூட்டை முதுகில் ஏறுவது ராக்கப்பனுக்குத் தெரிந்தது.

"நம்ம இலாகா டைரக்டர் துரை நாளைக்குத் தேனிக்கு வர்றாக, வாத்தியாரய்யா." குரலில் இருந்த அதிகாரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "தாலுகா முழுக்க வாத்திமாருக்கு லாந்தர் பழக்கிவிட்டது நாந்தான்னு ரெண்டு வருஷமா மேலிடத்துக்கு எழுதிக்கிட்டிருக்கேன். இப்ப என் கையாலயே ஏத்திக் காட்டச் சொல்லிட்டாக. ரிப்போர்ட்டையெல்லாம் புரட்டுனதுல நெசமாவே பாடம் நடத்துற ஆளு நீங்க ஒருத்தர்தான்... அந்தத் திரியை எந்தப் பக்கம் திருகணும்னு இன்னொரு தடவை சொல்லுங்க."