திரையில் வந்த மகள்

அரசுப் பள்ளிச் சேர்க்கை முகாமில் பள்ளிக்கு ஒன்றாகத் திரைகள் வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளியில் படித்தால் பிள்ளை முப்பது வயதில் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். மகள் தேன்மலரோடு பூங்கோதையும் புருஷன் செங்கோடனும் வந்திருந்தார்கள்.

முதல் திரையில் தேன்மலர் லாரிப் பட்டறை வைத்திருந்தாள். “அப்பா, சாப்பிட்டீங்களா?” என்று சிரித்தாள்.

“கிரீஸ் கையோட கேக்குறா பாரு,” என்று செங்கோடன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தான்.

அடுத்த திரையில் அவள் பெரிய டாக்டர். அவனை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க யாரு?” என்றாள். பெற்ற மகள் முன்னால் கைகட்டி நின்றான் மனுஷன்.

“இந்த ஸ்கூல்தான்!”

“ஏனுங்க, பெத்தவங்களையே தெரியலையே அவளுக்கு?”

“தெரியாட்டிப் போகுது. டாக்டரோட அப்பன்னு ஊருக்குத் தெரிஞ்சாப் போதாதா?”

புருஷன் சொன்னதைக் கேட்டபின், திரையில் இருந்தவள்மேல் பூங்கோதைக்குக் கோபமே வரவில்லை.