ஏட்டம்மா சொன்ன கதை

காலையிலிருந்து மூன்று பேர் மாறி மாறிக் கேட்டும் அந்தத் தையல்காரப் பெண் வாயைத் திறக்கவில்லை.

புருஷன் மாடிப்படியில் தவறி விழுந்து செத்தான் என்பதோடு சரி. அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

"ஏட்டம்மாவைக் கூப்பிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். யாராவது இப்படி அழுத்தமாக உட்கார்ந்துவிட்டால் அந்த ஸ்டேஷனில் வழக்கமாக நடப்பதுதான்.

ஏட்டம்மா வந்ததும் மேசையை ஓரமாகத் தள்ளினார். நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். செத்தவனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

தன் கதையைச் சொன்னார்.

கல்யாணமான மூன்றாம் மாதம் விழுந்த முதல் அறை. மறுநாள் புருஷன் வந்து இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது. போகப் போக அந்த அழுகையும் நின்றுபோனது. முகத்தில் மட்டும் கை வைக்கமாட்டான், நாலு பேர் பார்த்துவிடுவார்களே, அவ்வளவு விவரம். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றுகொள்வது, இன்றைக்கு எந்த முகத்தோடு வருகிறானோ என்று.

காய்கறி நறுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

தையல்காரப் பெண் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் அப்படித்தான் எழுந்து நிப்பேன்க்கா. தாங்க முடியலக்கா. நான்தான் தள்ளிவிட்டேன்."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். மூலையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த காவலருக்குப் பக்கத்தைத் திருப்பக்கூட நேரமில்லை. ஏட்டம்மா அவள் கையை விடவில்லை.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே, வீட்டுக்குப் போலாமாக்கா?"

ஏட்டம்மா மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே இன்ஸ்பெக்டருக்கு முகமெல்லாம் பல். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நாற்பதே நிமிஷம்! அந்தப் பைக் சத்தமெல்லாம் எங்கேயிருந்து பிடிச்சீங்க? தங்கமான மனுஷனை இப்படி வில்லனாக்கிட்டீங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டம்மாவின் கணவர் ஸ்டேஷனுக்கே வேண்டப்பட்டவர். வந்தால் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுக்காமல் கிளம்பமாட்டார்.

"ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன் சார்" என்று ஏட்டம்மாவும் சிரித்தார்.

"பதினோரு வருஷத்துல ஒரு நாள் லீவு கேட்டதில்ல" என்று இன்ஸ்பெக்டர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "வேலையில இப்படி ஒரு ஈடுபாடு வேணும்யா. நீங்க வீட்டுக்குக் கிளம்புங்கம்மா."

"ராத்திரிக் காவலுக்கும் நானே இருந்துக்கறேன் சார். அந்தப் பொண்ணு பயப்படும்."

"பார்த்தீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர், பெருமையாக.

அவர்கள் கலைந்ததும் ஏட்டம்மா கதவோரம் போய் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் செய்தார். குரல் அடங்கிப்போயிருந்தது.

"நானாக் கேக்கலைங்க. அவங்களாத்தான் ராத்திரி டூட்டி போட்டுட்டாங்க... இல்லைங்க... சத்தியமாங்க..."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

தையல்காரப் பெண் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்கார இடம் விட்டாள்.