செவலைக் கோழியின் முதுகு

செவலைக் கோழியின் முதுகு கையகலத்துக்கு மொட்டையாக இருந்தது. பக்கத்திலேயே சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. பார்த்ததும் சென்னியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒத்தக் கோழிய ஏண்டா இந்தப் பாடு படுத்தறே?” என்று கையிலிருந்த விளக்குமாற்றை விட்டெறிந்தாள். சேவல் அரை அடி நகர்ந்து நின்று அவளையே பார்த்தது.

கோபத்தைவிட வருத்தம்தான் அவளுக்கு அதிகம். தாய்க்கோழியைக் கீரி தூக்கிக்கொண்டு போன பிறகு, அடுப்போரம் அட்டைப்பெட்டியில் வைத்து, கம்பங்குருணை போட்டு அவள் ஆளாக்கிய குஞ்சுதான் இந்தச் சேவல். தன் கையில் வளர்ந்தது இப்படித் தறுதலையாகப் போய்விட்டதே என்று மனசு ஆறவில்லை.

இத்தனைக்கும் பொங்கல் வரை சேவல் ஒழுங்காகத்தான் இருந்தது. தை மாதக் கடைசியில் அவள் கணவர் அரங்கசாமி பீளமேட்டு மில்லிலிருந்து ஓய்வுபெற்று, கையில் ஒரு ரேடியோவும் காதில் முப்பது வருஷத்துப் பஞ்சுத் தூசியுமாக வீட்டோடு வந்து சேர்ந்தார். மாசியில் செவலையின் இறகு குறைய ஆரம்பித்தது. வீட்டில் இன்னொரு ஆம்பளை துணைக்கு வந்ததும் சேவலுக்குக் குளிர் விட்டுப்போய்விட்டது என்று சென்னியம்மாள் முடிவு கட்டினாள்.

கோழியைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பாலுசாமியிடம் போனாள். எல்லாம் சேவல் மிதிக்கிற மிதிதான் என்றார் அவர். ஒரு சேவலுக்கு எட்டுப் பெட்டையாவது வேண்டும், கால் முள்ளையும் மழுக்கிவிட வேண்டும் என்று வைத்தியம் சொன்னார். கோழியைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

“ஆனா ஒடம்புல ஒரு கீறலக் கூடக் காணமுங்களே.”

அதையெல்லாம் யார் காதில் வாங்கினார்கள்? சோமனூரில் இருக்கும் தங்கை வீட்டிலிருந்து ஏழு பெட்டைகள் பஸ் ஏறி வந்தன. மில்லில் ஃபிட்டராக இருந்த கை என்பதால், கால் முள்ளை அரங்கசாமியே அரத்தால் வலிக்காமல் ராவிவிட்டார். சேவலை மடியில் வைத்துக்கொண்டு, “பொறுத்துக்க சாமி” என்று அதனிடம் கெஞ்சவும் செய்தார்.

புதுப் பெட்டைகள் ஆள் நிழல் பட்டாலே கூரைக்குப் பறக்கிற ரகம். அவற்றுக்கு ஓர் இறகு குறையவில்லை. கூப்பிட்டால் மடிக்கே வருகிற செவலைக்குத்தான் தினம் ஒன்று குறைந்தது.

அந்தக் கோழிக்காவது புத்தி இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அரங்கசாமி ரேடியோவோடு வேப்பமரத்தடிக் கட்டிலுக்கு வந்தாலே போதும், ஓடிப்போய் சேவலுக்குப் பின்னால் ஒண்டி நிற்கும். மிதிக்கிறவன் காலடியிலேயே போய் விழுகிறாயே என்று சென்னியம்மாள் அதையும் சேர்த்துத் திட்டினாள்.

சனிக்கிழமை தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். மறுநாள் ஈரோட்டிலிருந்து தம்பி லட்சுமணசாமி வருகிறான், சேவல் குழம்புக்கு.

“தம்பிக்கு அரிசிம்பருப்புச் சோறே போதும் அம்மணி. பாவம், உட்டுரு,” என்றார் அரங்கசாமி.

ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாவிட்டால் தட்டையே திரும்பிப் பார்க்காத மனுஷர் அவர். அவர் போய் சேவலுக்கு வக்காலத்து வாங்குகிறார். ஆம்பளைகள் எல்லாம் ஒரே கட்சி என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலமே சேவலைப் பிடித்துக் கூடைக்குள் கவிழ்த்து, மேலே கருங்கல்லைத் தூக்கி வைத்தாள். செவலையின் மொட்டை முதுகிலும், சுற்றியிருந்த இறகுகளின் அடியிலும் மஞ்சளைக் குழைத்து அப்பினாள். இனிமேல் உனக்கு நிம்மதிதான் என்று அதனிடம் சொல்லிவிட்டு, கூடைப் பக்கம் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

விடிந்ததும் மசாலா அரைத்தாள். அடுப்பில் வெந்நீரை ஏற்றிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியோடு பின்பக்கம் வந்தாள். கடைசியாக ஒரு வாய் தின்னட்டும் என்று கூடையோரம் ஒரு கை கம்பை இறைத்தாள். செவலைதான் முதலில் ஓடி வந்தது.

அதன் முதுகைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மஞ்சள் பூச்சின் ஓரத்தில் புதிதாக ஓர் இடம் சிவப்பாகத் தெரிந்தது. இரண்டு இறகு போயிருந்தது. கூடை மேல் வைத்த கல் வைத்தபடியே இருந்தது. உள்ளே சேவல் கொக்கரித்துக்கொண்டிருந்தது.

வேப்பமரத்தடியில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அரங்கசாமி ஒரு கண்ணை மூடி, வாயைக் கோணி, உலகமே மறந்து காது குடைந்துகொண்டிருந்தார். அவர் பிடித்திருந்த இறகின் அடித்தண்டு மஞ்சள். பிடித்திருந்த இரண்டு விரலும் மஞ்சள்.

சென்னியம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். கல்லைத் தள்ளிக் கூடையைத் தூக்கினாள். வெளியே வந்த சேவல் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. செவலை ஓடிப்போய் அதன் பின்னால் நின்றுகொண்டது. இந்த அப்பாவிக்கா வெந்நீர் வைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

நேராகக் கட்டிலுக்குப் போய் ரேடியோவை அணைத்தாள். அரங்கசாமி மூடிய கண்ணைத் திறந்தார். இறகை வேட்டி மடிப்பில் ஒளிக்கப் பார்த்தார், முடியவில்லை.

“ஏனுங்க, சேவலோட எறகு வாசல் பூரா உதுந்து கெடக்குது. அதுல ஒண்ண எடுத்துக் கொடஞ்சா ஆகாதுங்களா?”

அரங்கசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“அது காதுல குத்துது அம்மணி.”