அடுப்பை மூடும் ஞாயிறு

கிரில் அடுப்பின் கம்பித்தட்டைக் கழுவி, ஈரம்கூடத் துடைக்காமல் அப்படியே உள்ளே வைத்தாள் மார்லிஸ்.

கராஜ் வாசலில், கம்பளி போர்த்திய நாற்காலியிலிருந்து அவள் கணவர் ஆரின் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை லேசாக உயர்ந்து, மறுபடி மடியில் இறங்கியது.

ஏரியின் ஓரங்களில் மெல்லிய பனித்தகடு கட்டத் தொடங்கியிருந்தது. வடக்கு மின்னசோட்டாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு என்றால் பனிக்காலத்துக்காக அடுப்பை மூடிவைக்கிற நாள். நாற்பத்தோரு வருடமாக அது ஆரினின் வேலை. அந்த அடுப்பில் வேறு யாரும் கைவைக்க அவர் விட்டதில்லை. ஒரு மீனைத் திருப்பிப் போடக்கூட.

ஆகஸ்டில் பக்கவாதம் வந்தது. வலது கால் மெல்ல மீண்டது. பேச்சு மீளவில்லை. பதினோரு வாரமாக ஒரு சொல் இல்லை.

செவ்வாய்தோறும் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருகிறாள். ஆப்பிள் படம், பூனைப் படம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். ஆரின் சன்னலைப் பார்ப்பார். சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன என்று போன வாரம் கிளம்பும்போது சொன்னாள். சீக்கிரம் ஒன்றாவது வெளியே வந்தால் மற்றவையும் வரும், தள்ளிப்போகப்போகக் கஷ்டம்.

"இவ்வளவுதானா? இதுக்கா வருஷா வருஷம் அரைநாள் எடுத்துக்கிட்டே நீ?" என்றாள் மார்லிஸ்.

எண்ணெய் தடவாத இரும்பு வசந்தத்துக்குள் துருப்பிடித்துவிடும். அவள் எண்ணெயைத் தொடவில்லை. பர்னர் குழாய்களின் வாயை மூடாவிட்டால் சிலந்தி கூடு கட்டும். மூடவில்லை. கோடை முழுக்கச் சொட்டிய சாசேஜ் கொழுப்போடு அடித்தட்டை உள்ளே தள்ளினாள். எலிகளுக்கு விருந்து.

ஆரினின் தாடை அசைந்தது. காது சிவந்தது.

உறையை மாட்டினாள், உள்பக்கம் வெளியே தெரிய.

பிறகு கேஸ் சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு கராஜுக்குள் வந்தாள். ஊர்த் தீயணைப்புப் படையில் இருபத்திரண்டு வருடம் தொண்டராக இருந்த மனிதரைத் தாண்டி நடந்து, அதை உள்ளே தீ எரியும் வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் இறக்கிவைத்தாள்.

"இங்கயே கதகதன்னு இருக்கட்டும்."

"வெளிய!"

மார்லிஸ் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். தன் முகத்தை இப்போது அவருக்குக் காட்ட முடியாது.

"காலிதான், ஆரின். நேத்தே பார்த்துட்டேன்."

"காலின்னாலும்..." நாக்கு தடுக்கியது. மூச்சு வாங்கினார். "வெளியதான்... வெக்கணும்... கிறுக்கி!"

இந்தத் தடவை நாலு சொல். அதில் ஒன்று வசவு.

சிலிண்டரை வெளியே கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இடுப்பில் கைவைத்து, அடுத்து எதைத் தப்பாகச் செய்யலாம் என்று கராஜைச் சுற்றிப் பார்த்தாள்.