நகலுக்கு ஒத்திகை

கம்பெனிகள் இப்போதெல்லாம் ஆளைக் கூப்பிடுவதில்லை. ஆளைப் போலவே பேசும் கம்ப்யூட்டர் நகலைத்தான் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கின்றன. இளம்பரிதியும் பத்து வருடமாகத் தான் செய்த வேலை, மெயில், டைரி என்று எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி, தன் நகலைத் தயார் செய்துகொண்டிருந்தான். கேள்வி கேட்க உட்கார்ந்தவள் மனைவி அமுதவல்லி.

கோடிங் கேள்வியில் நகல் திணறியது. குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே அவள் விடையைச் சொல்லிவிட்டாள். இளம்பரிதிக்கு வயிறு எரிந்தது. காலேஜிலிருந்தே இப்படித்தான். அவன் நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வதை அவள் விளையாட்டாக முடித்துவிடுவாள். குழந்தைக்கு இரண்டு வயதானதும் அவளும் வேலைக்கு எழுதிப் போட்டாள். எங்கிருந்தும் கூப்பிடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க செஞ்ச பெரிய தப்பு என்ன?” என்று அடுத்த கேள்வியைப் படித்தாள்.

தான் எழுதிக் கொடுத்த பதிலைத்தான் நகல் சொல்லும் என்று இருந்தான் அவன். அதுவோ அவன் குரலிலேயே சொன்னது: “அமுதாவுக்கு மூணு தடவை இன்டர்வியூ மெயில் வந்துச்சு. அவ பார்க்கறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன். அவளுக்கு வேலை கெடைச்சிருந்தா என்னால தாங்கியிருக்க முடியாது.”

அமுதவல்லி அவன் பக்கம் திரும்பவேயில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

“கடைசிக் கேள்வி,” என்றாள் நகலிடம். “அந்த மூணு கம்பெனி பேரு என்ன?”