ஆறாம் படுக்கைக்குப் பிளம்ஸ்

"வெளிக்குப் போச்சா?" சார்ட்டைப் புரட்டியபடி கேட்டார் நர்ஸ்.

"எங்கே போச்சு!" உம்மென்று சொன்னார் ஆறாம் படுக்கையில் இருந்த தையல்காரர்.

குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். ஒருமுறை ஒழுங்காகப் போனால்தான் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"பிளம்ஸ் சாப்பிடறீங்களா இல்லையா?"

"நல்லா கேளுங்க நர்ஸம்மா," என்றாள் பக்கத்தில் இருந்த தங்கை. "முத நாள் பழமா குடுத்தேன். தோலை உரிச்சிட்டுத் தின்னாரு."

"தோல்லயும்தானே நார்ச்சத்து இருக்கு!"

"அதான் மறுநாள் தோலோட வேகவெச்சு மசிச்சேன். நேத்து உலர்ந்த பிளம்ஸை ஊறவெச்சு அந்தத் தண்ணியோட குடுத்தேன். இன்னிக்கு ஓட்ஸ்ல நறுக்கிப் போட்டிருக்கேன்."

"வைட்டமின் சி வேற இருக்கு, உடம்புக்கு நல்லதுதான்."

"உடம்புக்கு நல்லது, சரி. வீட்டுக்கு எப்ப விடுவீங்க? கடையில துணி குவிஞ்சு கெடக்கு," என்று எரிந்து விழுந்தார் தையல்காரர்.

அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் இருந்தது பதினோரு வருடம். என்ன சண்டை என்று இருவருக்குமே இப்போது சரியாகச் சொல்லத் தெரியாது. ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு வந்தவள், "நீ வீட்டுக்குப் போற வரைக்கும்தான் வருவேன். அப்புறம் நீ யாரோ, நான் யாரோ" என்று வந்த அன்றே கறாராகப் பேசிவிட்டாள்.

அவள் டப்பா கழுவப் போனதும், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா வாய்விட்டுச் சிரித்தாள். "இவரா போகலை? முந்தாநாள்லேருந்து காலையில டாண்ணு போய்ட்டு வர்றாரு!"

நர்ஸ் இடுப்பில் கை வைத்தார். "என்னங்க இது?"

தையல்காரரின் குரல் இறங்கிவிட்டது. "சத்தம் போடாதீங்கம்மா. வீட்டுக்குப் போயிட்டா அவ வரமாட்டா. பதினோரு வருஷம் கழிச்சு இப்பதான் பக்கத்துல உக்காந்து திட்டறா."

நர்ஸுக்கு மனசு கேட்கவில்லை. குழாயடிக்குப் போய்த் தங்கையிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

தங்கை டப்பாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஆயா முந்தாநாளே எங்கிட்ட சொல்லிட்டாங்க, நர்ஸம்மா. உங்ககிட்ட மூச்சு விடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தேன், உளறிட்டாங்க. நாளைக்கு ஜாம் பண்ணிட்டு வரலாம்னு இருக்கேன், சார்ட்ல மட்டும் எழுதிடாதீங்க."