ஆந்தை, தீக்கோழி, லாப்ரடார்

மணி ஒன்பது பத்து. பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு. கார் இடுப்பளவு பனிச்சுவருக்குப் பின்னால் நிற்கிறது.

வானத்திலிருந்து விழுந்தது முழங்கால் அளவுதான். மிச்சத்தைக் கொடுத்தது நகராட்சி. தெருவைச் சுத்தம் செய்ய விடியற்காலையில் வந்த வண்டி, தெருப் பனியையெல்லாம் வழித்து எங்கள் வாசலில் குவித்துவிட்டு, கடமை முடிந்த நிம்மதியோடு போய்விட்டது.

மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் இது செய்தியே அல்ல. நாலு ஆண்பிள்ளைகள் குடியிருக்கும் வீட்டில், வீட்டுக்கென்று பனி வார ஒரு ஷவல் இல்லை என்பதுதான் செய்தி.

முக்குக் கடையில் இருபத்தெட்டு டாலர். தலைக்கு ஏழு. அக்டோபரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் கேக் தட்டால் வாரினோம். போன வாரம் குப்பைத்தொட்டி மூடியால். மூடி உடைந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் கல்லூரியின் பண ஆலோசனை மையம். செப்டம்பரில் ஒரு பரிசோதனை வைத்தார்கள். நாற்பது கேள்வி. முடிவில், பண விஷயத்தில் நீ என்ன பிராணி என்று ஒரு வண்ண அட்டை.

அதுவரை எங்கள் வீட்டில் கஞ்சன், சோம்பேறி, ஏமாளி என்று ஒருவரையொருவர் நேர்மையாகத் திட்டிக்கொண்டிருந்தோம். இப்போது திட்ட வழியில்லை. எல்லாருக்கும் அட்டை இருக்கிறது. ஃப்ரிட்ஜ் கதவில், காந்தம் போட்டு.

நான் மட்டும் பரிசோதனை எழுதவில்லை. வீட்டில் ஒருவனுக்காவது புத்தி வேண்டும்.

சமையலறையில் மூன்று பேரையும் நிறுத்தி வைத்து ஏழு டாலர் கேட்டேன்.

ரீட் ஆந்தை. ஆராயாமல் செலவு செய்ய மாட்டான். பதினோரு ஷவல்களை ஒப்பிட்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். அதில் கைப்பிடியின் வளைவுக்குத் தனிப் பத்தி.

"மே மாசம் பாதி விலைக்கு வரும் மச்சி. இப்ப வாங்கறவன் முட்டாள்."

"மே மாசம் பனி இருக்காதுடா."

"டுலூத்துல அப்படியெல்லாம் சொல்ல முடியாது."

பாவ் தீக்கோழி. நவம்பருக்குப் பிறகு அவன் வங்கிக் கணக்கைத் திறந்தே பார்க்கவில்லை. பார்க்காதவரை அதில் பணம் இருக்கிறது என்பது அவன் கொள்கை.

"ஏழு டாலர் இருக்கான்னு பார்க்கணும்னா பேங்க் ஆப்பத் திறக்கணும். திறந்தா இன்னிக்குப் பூரா நெஞ்சு படபடங்கும். நீயெல்லாம் ஒரு ஃப்ரெண்டாடா?"

கர்ட் லாப்ரடார். யாராவது பாவமாகப் பார்த்தால் போதும், கொடுத்துவிடுவான். நவம்பரில் அவன் ஒரு ஷவல் வாங்கவும் செய்தான். கடையிலிருந்து அது வீடு வந்து சேரவில்லை.

"வழியில ஒரு பொண்ணு வெறும் கையால பனியத் தள்ளிக்கிட்டிருந்தாடா. பாத்துட்டு எப்படிப் போறது?"

"அவ பேராவது தெரியுமா? திருப்பி வாங்கலாமே."

"பேரக் கேட்டா அப்புறம் அதுக்குப் பேரு உதவியா?"

ஒன்பதரை. மலைமேட்டில் பனி என்று பேருந்துகளை நிறுத்திவிட்டார்கள். எதிர்வீட்டுக் கிழவரிடம் பனி ஊதும் இயந்திரமே இருக்கிறது. அவர் அதைப் பூட்டிவைத்துவிட்டு அரிசோனாவில் வெயில் காய்கிறார். வாடகைக் கார் நாற்பத்தொரு டாலர் என்றது. போனை மூடினேன். அந்தக் காசுக்கு ஒன்றரை ஷவல் வரும்.

இந்த வேலை மட்டும் கிடைத்துவிட்டால் பீட்சாக் கடையில் மாவு பிசைவதை விட்டுவிடலாம். மணிக்கு இருபத்திரண்டு டாலர். உட்கார்ந்த இடத்தில் வேலை. அதே பண ஆலோசனை மையம்தான். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு, எங்கே செலவு செய்ய வேண்டும், எங்கே கூடாது என்று சொல்லித் தர வேண்டும். எழுபது பேர் விண்ணப்பித்து, கடைசியில் கூப்பிட்டது இரண்டே பேரை.

கத்திவிட்டேன். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மனுஷனா இருங்கடா! நாளைக்கு மறுபடியும் ஆந்தையா போயிக்கலாம்!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேற்றைய உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே ரீட் சொன்னான்:

"இப்படிக் கத்தறதும் ஒரு டைப்தான். பதினாலாவது கேள்வியில வரும்."

ஒன்பது ஐம்பது.

என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மையத்துக்குப் போன் செய்தேன். வாசலில் பனிச்சுவர், கார் வெளியே வராது, இன்னொரு நாள் கொடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"ஐயோ, நீ என்னப்பா பண்ணுவ, பனி கொட்டினா" என்றார் போனை எடுத்த அம்மா. "அந்த இன்னொரு பையன் வந்து உக்காந்திருக்கான். நடந்தே வந்தானாம். அடுத்த வருஷம் கண்டிப்பா விண்ணப்பம் போடு, சரியா? சூடா ஏதாவது குடிப்பா."

மினசோட்டாவில் கதவை அடைத்தாலும் மெதுவாகத்தான் அடைப்பார்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போட்ட கோட்டைக் கழற்றி மாட்டுவதற்காக அலமாரியைத் திறந்தேன்.

துணிகளுக்குப் பின்னால் அது நின்றுகொண்டிருந்தது. அலுமினிய முனை. வளைந்த கைப்பிடி. அக்டோபர் தள்ளுபடியில் பதினேழு டாலர். உறைகூடக் கிழிக்கவில்லை. கைப்பிடியில் ரசீதை ஒட்டிவைத்திருந்தேன். தொண்ணூறு நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணமும் வாபஸ். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

எடுத்திருக்கலாம்தான்.

ஆனால் இந்த அறை வாசலைத் தாண்டிய நிமிஷம், அது நாலு பேருடையது ஆகிவிடும்.